பொழுது சாய்வதற்குள் கூலி

இந்த வாரம் மத்தேயு 20-ஐ விட்டு என்னால் நகர முடியவில்லை. திராட்சைத் தோட்டக்காரர் விடியலில் ஆள் அழைக்கிறார். மாலை ஐந்து மணிக்கும் போய் அழைக்கிறார். கடைசியாக வந்தவருக்கும் முழு நாள் கூலியான ஒரு தெனாரியம். அது குறைந்தால் அன்று வீட்டில் உலை பொங்காது.

மாலை வரை நின்றவர்கள் சோம்பேறிகள் இல்லை. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்றுதான் சொல்கிறார்கள். பள்ளத்தூரில் காலையில் தூக்குவாளியோடு காத்திருக்கும் சித்தாள் அக்காமார்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதில் எனக்குக் கேட்கிறது.

வீட்டில் கல்யாணப் பலகாரம் போடுகிறோம். மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். சரக்கு எடுத்தவர்கள் பணம் தரத் தாமதமானாலும், வேலைக்கு வருகிறவர்களுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கொடுத்துவிடுவோம். இணைச்சட்டம் 24 அதைத்தான் கேட்கிறது. பிடித்துவைத்த கூலி கடவுளிடம் முறையிடும் என்கிறார் யாக்கோபு. அதைப் படித்தபின் பணப்பெட்டியைப் பூட்டிவிட்டுச் செபிக்க உட்கார முடியாது.

1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் விசுவாசத்துக்காகத் தலை வெட்டுண்டு இறந்தார் புனித அருளானந்தர். நம் மறவநாட்டு மண் அது. அந்த அளவுச் சாட்சியம் என்னிடம் கேட்கப்படவில்லை. கேட்கப்படுவது அன்றாடக் கூலிக் கணக்குதான்.

கை நடுக்கத்தால் யாரும் வேலைக்கு அழைக்காத பெரியம்மா ஒருவரை நாளை வரச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்தபடி ஏலக்காய் உரிக்கட்டும். மற்றவர்களுக்கு உள்ள கூலிதான் அவருக்கும். எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.