அந்த இடத்தைப் பறித்தது நான்

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் பல வருடங்கள் பொருளாளராக இருந்தேன். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் அணிக்கென்று ஒரு வியாபாரி ஒதுக்கித் தந்த பணத்தை, குழுவில் இரண்டொருவரின் சம்மதத்தோடு, மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஒரு முன்கள வீரரைக் கொண்டுவரச் செலவழித்தேன். அந்த ஏற்பாடு பிழைத்துப்போன பிறகு, வெளிநாட்டு வீரர்கள் வந்துதான் எங்கள் பிள்ளைகளின் இடத்தைப் பறிக்கிறார்கள், லீக்கில் அவர்களுக்கு வரம்பு போடவேண்டும் என்று கூட்டங்களில் முழங்கினேன். கேட்டவர்கள் கைதட்டினார்கள். பிள்ளைகளின் பணத்துக்கு என்ன நடந்தது என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் பந்து என்பது பொழுதுபோக்கு அல்ல. உதைபந்தாட்டத்துக்குப் பெயர்போன புனித பெனடிக்ட் கல்லூரி இங்கேதான். 2006-07 பருவத்தில் தேசிய லீக்கை வென்ற ரட்ணம் விளையாட்டுக் கழகம் இந்தப் பகுதியின் கழகம். சுகததாச விளையாட்டரங்கு நடந்துபோகும் தூரம். 1995இல் அதே அரங்கில் தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 1-0 என்று இந்தியாவை வென்றது. அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் ஜம்பட்டா வீதித் தேநீர்க் கடைகளில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். புளூமெண்டல், ஜிந்துப்பிட்டித் தோட்டங்களில் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு இடையில் விளையாடிப் பழகிய பொடியன்மார், ஒரு முழம் இடத்துக்குள் மூன்று பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோவார்கள். அந்தத் திறமையை எந்தப் பயிற்றுநரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

திருமணத்துக்குப் பிறகு நான் வெள்ளவத்தைக்குக் குடிபோனேன். அங்கே பிள்ளைகளுக்கு மாலை என்றால் டியூஷன். பந்து இரவில் தொலைக்காட்சியில் வரும். ஆர்சனல் பெரிதா மன்செஸ்டர் யுனைட்டெட் பெரிதா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ரட்ணத்தின் கோல்காப்பாளர் பெயர் தெரியாது. நானும் மெல்ல அப்படி ஆனேன். இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து, பணம் கொடுத்து ஒரு நல்ல முன்கள வீரரை வாங்கினால் அணி உயர்ந்துவிடும் என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது. கழகத்தின் வேலைக்காக ஒவ்வொரு ஞாயிறும் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். போகும்போது கூடவே அந்த எண்ணமும் வரும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். இடதுகால் ஆட்டக்காரன். தகப்பன் துறைமுகத்தில் கூலிவேலை. எங்கள் பிள்ளைகள் அணியிலேயே வளர்ந்தவன். மற்றவர்கள் கழற்றிப்போட்ட பூட்ஸைத் தைத்துப் போட்டு விளையாடியவன். முதல் அணிக்கு வந்த பருவத்திலேயே கோல்கள் அடித்தான். அடுத்த பருவத்தில் நாங்கள் கொண்டுவந்த வீரருக்கு இடம் கொடுக்க அவனை மாற்று ஆசனத்தில் உட்காரவைத்தோம். இவ்வளவு பணம் கொடுத்துக் கொண்டுவந்தவரை விளையாடவைக்காவிட்டால் அனுசரணையாளர் என்ன சொல்வார் என்று பயிற்றுநரிடம் கேட்டதும் நான்தான். அவனுடைய தாய் ஒருநாள் என்னை வழியில் நிறுத்தினார். "தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் பொறுத்திருப்பான். அடுத்த வருசம் விளையாட விடுவீங்கதானே?" என்று கேட்டார். "ஓம் அக்கா, கட்டாயம்" என்றேன். அடுத்த பருவத்துக்கும் வெளியிலிருந்து ஒருவரை எடுக்க முகவரோடு நான் பேசத் தொடங்கியிருந்த நேரம் அது. பொய் என்று தெரிந்தே சொன்னேன். அவன் அந்தப் பருவம் முழுவதும் பொறுத்தான். பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

வந்த வீரருக்கும் நான் நியாயம் செய்யவில்லை. அவர் நல்ல மனிதர். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார். பயிற்சி முடிந்தபிறகும் நின்று சின்னப் பிள்ளைகளுக்குத் தலையால் பந்தடிக்கப் பழக்குவார். யாரும் கேட்காமலே செய்தார். நாங்கள் சொன்ன சம்பளம் முதல் மாதம் ஒழுங்காகக் கிடைத்தது. அதன்பிறகு தவணை தவணையாக. முழங்காலில் அடிபட்டபோது ஒரு தடவை வைத்தியரிடம் கூட்டிப்போனோம், அவ்வளவுதான். ஆட முடியாதவருக்குச் சம்பளம் எதற்கு என்று கூட்டத்தில் கேட்டவனும் நானே. ஊர் திரும்பும் விமானச்சீட்டுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் கொழும்பில் இருந்த அவருடைய நாட்டவர்கள். மைதானத்தில் அவருடைய நிறத்தைச் சொல்லிச் சிலர் கத்தியபோது நான் குழுவினரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அதட்டியிருந்தால் அவர்கள் அடங்கியிருப்பார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். நான் எழும்பவில்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்று யோசிக்கும்போது பெரிய சதி எதுவும் தென்படவில்லை. தரமிறங்கிவிடுவோமோ என்ற பயம்தான். பத்துப் பதினொரு வயதில் வரும் பிள்ளை முதல் அணியில் நிலைக்க ஏழெட்டு வருடங்கள் செல்லும். அதற்குள் நிர்வாகக் குழுத் தேர்தல் பல தடவை வந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை தோற்றால் திங்கட்கிழமை கேள்வி கேட்பார்கள். பிள்ளைகளுக்குப் பந்தும் பயிற்றுநரும் இல்லை என்றால் கேட்க யாருமில்லை. தகப்பன்மார் வேலையில், தாய்மாருக்குக் கழகத்தில் வாக்கு இல்லை. கேள்வி வராத இடத்திலிருந்து பணத்தை எடுத்தேன். பிள்ளைகளின் பயிற்றுநருக்குக் கொடுத்த சிறு தொகை நின்றதும் அவர் வருவதை நிறுத்தினார். அவர் போனதும் பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

நான் மேடையில் அடுக்கிய உதாரணங்கள் எல்லாம் உண்மைதான். ஐரோப்பாவில் கழகங்களுக்கு இருந்த வெளிநாட்டு வீரர் வரம்பை, ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களைப் பொறுத்தவரை, 1995 டிசம்பர் 15இல் பொஸ்மன் வழக்கின் தீர்ப்பு உடைத்தது. நான்கே வருடங்களில், 1999 டிசம்பர் 26இல், செல்சி கழகம் ஓர் இங்கிலாந்து வீரர்கூட இல்லாத பதினொருவரோடு களமிறங்கியது. இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியபோது ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவரைக் களத்தில் வைக்கலாம். கோல் அடிக்கும் இடங்களில் பெரும்பாலும் அவர்களே நின்றார்கள். 2021-22 பருவத்தில்தான் அது நான்காகக் குறைந்தது. 2024 ஜூனில் ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை, அவருடைய நாற்பதாவது வயதில், 2025 மார்ச்சில் இந்திய அணி திரும்ப அழைத்தது. நூற்று நாற்பது கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில் கோல் அடிக்க இன்னொரு ஆளை நம்ப முடியவில்லை. இதைச் சொன்னால் எந்தக் கூட்டமும் கைதட்டும்.

நான் சொல்லாமல் விட்டது ஜேர்மனியை. 2000ஆம் ஆண்டு யூரோ கிண்ணத்தில் ஜேர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதன்பிறகு அங்கே இளையோர் பயிற்சிக்கூடம் நடத்தாத கழகத்துக்கு முதல்தர லீக் உரிமம் இல்லை என்று விதி செய்தார்கள். 2006-07இல் ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வரும் வீரர்களுக்கான வரம்பையும் எடுத்துவிட்டு, உள்ளூரில் பயின்றவர்கள் இத்தனை பேர் கட்டாயம் அணியில் இருக்கவேண்டும் என்று மாற்றினார்கள். 2014இல் உலகக் கிண்ணம் ஜேர்மனியிடம். இங்கிலாந்திலும் 2012இல் இளையோர் பயிற்சித் திட்டத்தைத் திருத்தி அமைத்தார்கள். 2017இல் 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் ஆகிய இரண்டு உலகக் கிண்ணங்களையும் அந்த நாடே வென்றது. அதன் லீக்கில் அப்போதும் வெளிநாட்டவர் நிறைந்திருந்தார்கள். இவற்றை நான் அறியாமல் விடவில்லை. சொல்லியிருந்தால், உங்கள் கழகத்தில் இளையோருக்கு என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் இலங்கை கம்போடியாவைப் பெனால்டியில் வென்றபோது வெள்ளவத்தையில் என் வீட்டிலும் ஆரவாரம். 2023இல் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை பீபாவின் தடையில் கிடந்த நாடு அது. இப்போது தேசிய அணியில் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஜேர்மனியில் வளர்ந்த கிளோடியோ காமர்க்னெக்ட், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் ஆகியோரை இலங்கைச் சட்டையில் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அவர்கள் எங்கள் பிள்ளைகள். வரட்டும், இன்னும் பலர் வரட்டும். அவர்களை வெளியாட்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர்களுக்குச் சிறுவயதில் பந்தும் புல்தரையும் பயிற்றுநரும் கொடுத்தவை ஜேர்மனியிலும் சுவீடனிலும் உள்ள கழகங்கள். அதே வயதில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு அவற்றைக் கொடுக்கவேண்டிய கழகத்தில் பொருளாளராக நான் இருந்தேன்.

ஆகவே வரம்பு வேண்டுமா வேண்டாமா என்று இன்று கேட்டால் வேண்டும் என்றே சொல்வேன், ஆனால் அன்று சொன்ன காரணத்துக்காக அல்ல. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு 2024-25இல் தன்னுடைய உயர்மட்டக் கழகப் போட்டியில் வெளிநாட்டு வீரர் வரம்பையே எடுத்துவிட்டது. சவூதியின் பெரிய கழகங்களுக்கு அது பொருந்தும். வாடகை மைதானத்தில், அனுசரணையாளரின் மனநிலையை நம்பி ஓடும் கொழும்புக் கழகத்துக்கு அந்தச் சுதந்திரம் வேறு விதமாகப் போய் முடியும். இங்கே பணம் ஒரே ஒரு பை. அதில் கைவைக்கும் ஆளைக் கட்டிப்போட ஒரு விதி தேவை. அந்த ஆள் நான். வெளிநாட்டு வீரர் தன் உழைப்பை விற்க வந்தவர். அவர் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. அந்த இடத்தைப் பையனிடமிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தது என் கை.

விதி எப்படி இருக்கவேண்டும் என்பதிலும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. பருவம் முழுவதும் இளையோர் அணியொன்றை நடத்தி, அதன் செலவுக் கணக்கைக் காட்டிய கழகம் மட்டுமே வெளிநாட்டவரைப் பதிவுசெய்யலாம் என்று இருக்கவேண்டும். அப்படிப் பதிவுசெய்யும்போது அந்த வீரரின் சம்பளத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் திரும்பிப்போகும் விமானச்சீட்டுக்கும் கழகம் முன்கூட்டியே பணம் கட்டிவைக்க வேண்டும். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் எங்கள் கழகத்தால் ஒருவரையும் கொண்டுவந்திருக்க முடியாது. பையன் விளையாடியிருப்பான். நாங்கள் தரமிறங்கியிருக்கலாம், இறங்கியிருந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து மறுபடி ஏறியிருப்போம்.

கட்டாரில் இருக்கும் பையனைத் தொலைபேசியில் பிடித்து, தாயிடம் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியும் அண்ணே" என்றான். வியாபாரியின் பணத்தைச் சிறிது சிறிதாக இளையோர் அணிக்கே திருப்பிக் கட்டிவருகிறேன், இன்னும் முடியவில்லை. அந்த ஆபிரிக்க வீரருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளம் இன்றும் என் கடன்தான்.

கொட்டாஞ்சேனையிலும் மற்ற இடங்களிலும் பிள்ளையைக் கழகத்துக்கு அனுப்பும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். வாக்கு இல்லை என்றாலும் போய் உட்காருங்கள். இந்த வருடம் பிள்ளைகளின் அணிக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று பொருளாளரிடம் கேளுங்கள். என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை.