மலைக்குப் போகும் வழி

பட்டாபிராமில் மலை கிடையாது. அண்ணாந்து பார்க்க வேண்டுமென்றால் 2024-ல் திறந்த டைடல் பார்க்கின் 21 மாடிதான் உண்டு. கிழக்கே ஆவடி, மேற்கே திருநின்றவூர், நடுவில் ஏரிகளும் ஏரிகளை நெருக்கிக்கொண்டு முளைத்த நகர்களுமாகத் தட்டையாகக் கிடக்கிற ஊர். இங்கிருந்துதான் இப்போது பலரும் ஐரோப்பாவுக்கு மலை பார்க்கப் போகிறார்கள். டேங்க் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர், பேத்தி பிறந்த சாக்கில் ஜெர்மனி போனவர் என்று எங்கள் தெருவிலேயே யாராவது ஒருவர் பனிமலைப் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டுவார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பணம் கைக்கு வந்ததும் அக்காவும் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம்.

அக்காவுக்கு முழங்கால் தேய்மானம். வீட்டு மாடிப்படியையே பிடித்துப் பிடித்துத்தான் ஏறுவாள். “நான் எங்கடி மலை ஏற?” என்று டூர் ஏஜெண்டு முன்னாலேயே கேட்டாள். “நீங்க ஏற வேணாம்மா, ரயில் ஏத்திடும்” என்றார் அவர். விற்பனைப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று நகரங்களை முடித்துக்கொண்டு பஸ் தெற்கே இறங்கியதும்தான் எங்களுக்கு டூர் தொடங்கியது. ஜெர்மனியின் கருங்காட்டைத் தாண்டி சுவிட்சர்லாந்து எல்லைக்குள் நுழைந்தால் ஷாஃப்ஹவுசன் ஊருக்குப் பக்கத்தில் ரைன் அருவி. உயரம் 23 மீட்டர்தான். குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு அது பெரிய உயரமில்லை. ஆனால் அகலம் 150 மீட்டர். கோடையில் நொடிக்குச் சுமார் 600 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. ஆல்ப்ஸில் பனி உருகுகிற காலம் என்பதால் வெயில் காலத்தில்தான் அருவிக்கு வேகம். மழையை நம்பி வாழும் நமக்கு, மேகமே இல்லாத நாளில் ஆறு கரைபுரண்டு வருவதைப் பார்க்கக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. படகு அருவியின் நடுவே நிற்கும் பாறைவரை போகிறது. முகமெல்லாம் சாரல். “இவ்வளவு தண்ணி விழுது, ஒருத்தராவது தலையைக் காட்டறாங்களா பாரு” என்றாள் அக்கா. நமக்கு அருவி என்றால் குளிப்பது. அவர்களுக்கு அது பார்க்கும் பொருள்.

அடுத்து லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் பனியாறு அரைத்துக்கொண்டு போன தடம் அது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்க, அடியில் புல்வெளி, மர வீடுகள், மாட்டின் கழுத்து மணிச் சத்தம். பாறை விளிம்பிலிருந்து ஸ்டவ்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் விழுகிறது. பாதி தூரத்திலேயே காற்று அதைக் கலைத்துவிடுகிறது. கீழே வந்து சேர்வது வெறும் புகைதான். அடியில் நின்று பார்த்தால், காற்று திரும்பும்போதெல்லாம் அருவி இடம் மாறி விழுகிறது. குழுவில் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, ரயில் நிலையத்தில் பஸ்ஸும் ரயிலும் ஒன்றுக்கொன்று காத்திருந்து கிளம்புவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவடியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு ஓடியே பழகியவள் அவள்.

யுங்ஃப்ராவ் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடால்ஃப் குயர்-செல்லர் என்ற தொழிலதிபர் 1893-ல் மலையில் நடந்துகொண்டிருந்தபோது, அய்கர் மலையைக் குடைந்து யுங்ஃப்ராவ் சிகரத்தின் உச்சிக்கு ரயில் விடலாம் என்று அவருக்குத் தோன்றியதாம். 1896-ல் வேலை தொடங்கியது. 1899-ல் அவர் இறந்துபோனார். பணம் தீர்ந்து, வெடி விபத்துகள் நடந்து, பலர் உயிரிழந்து, ஒருவழியாக 1912-ல்தான் பாதை முடிந்தது. உளியும் வெடிமருந்துமாகப் பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த கம்பி. ரயிலின் அடியில் பல்சக்கரம். அது கவ்விக் கவ்வி மேலே போகிறது. சுமார் ஒன்பது கிலோமீட்டர் பாதையில் ஏழு கிலோமீட்டர் சுரங்கம். நடுவில் அய்ஸ்மேர் என்னும் இடத்தில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கிறது. இறங்கி, பாறையில் வெட்டிய சன்னல் வழியே பார்த்தால், கைக்கெட்டுகிற தூரத்தில் வெடித்துக் கிடக்கிறது பனிப்பாளம். வெடிப்புகளின் உள்ளே வெள்ளை இல்லை, நீலம்.

3,454 மீட்டர் உயரத்தில், ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையத்தில் இறங்கினோம். காற்று மெல்லியது, நாலடி வைத்தால் மூச்சு வாங்கும். அங்கிருந்து ஒரு லிஃப்ட் இன்னும் நூறு மீட்டருக்கு மேல் தூக்கிப் பார்வை மேடையில் விடுகிறது. வாசல் திறந்ததும் கண்ணெதிரே ஆலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸிலேயே மிக நீளமானது. இருபது கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து போகிறது. அதன் மேல் இரண்டு கருங்கோடுகள் இழுத்தாற்போல் ஓடுகின்றன. பனியாறுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில், கரைகளிலிருந்து அரைத்து எடுத்துவந்த கற்பொடியும் பாறையும் நடுவில் வரிசையாகத் தங்கிவிடுவதால் வரும் கோடுகள் அவை. அசையாமல் கிடக்கிறது என்று நினைக்கும் பனி, உண்மையில் நகர்கிறது என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி. கரைகிறது என்பதற்கும் சாட்சி வேண்டுமா? 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்தன.

அக்கா மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு ஒரு கொரியக் குடும்பம். “எல்லாரும் வந்துட்டாங்கடி” என்றாள். பனியைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, இது மட்டும் நிற்கிறது.

எல்லாரும் என்று சொல்லிவிடவும் முடியாது. அன்று இரவு இன்டர்லாக்கனில் சாப்பிட்ட இடத்தில், எங்கள் பேச்சைக் கேட்டு அடுக்களையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், போர்க் காலத்தில் இளைஞராக வந்தவர். “மெட்ராஸிலயிருந்தோ வாறியள்?” என்று கேட்டு, அக்காவுக்குச் சுடச்சுட ரசம் வைத்துக் கொடுத்தார். யுங்ஃப்ராவுக்குப் போயிருக்கிறீர்களா என்றேன். “ஒருக்காத்தான் போனனான். டிக்கெட் விலை தெரியுந்தானே? பேந்து, எங்களுக்கு லீவு கிடைக்கிற நாளில மலையில முகில்” என்று சிரித்தார். டிக்கெட் சீசனில் 200 ஃபிராங்குக்கு மேல். நம் பணத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். சுவிட்சர்லாந்தின் உணவகச் சமையலறைகளில் ஈழத்தமிழர் உழைப்பு ஒரு தலைமுறையாக இருக்கிறது. சுரங்கம் குடைந்த இத்தாலியர்களும் டிக்கெட் வாங்கி மேலே போயிருக்க மாட்டார்கள். ஒரு மலை எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லும்போது இவர்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஊர் திரும்பியதும் இந்தப் பயணங்களின் பூர்வ கதையைத் தேடிப் படித்தேன். தாமஸ் குக் லண்டனிலிருந்து முதல்முறையாக ஒரு சுற்றுலாக் குழுவை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனது 1863-ல். ரயில், படகு, கோவேறு கழுதை, நடை எல்லாம் சேர்ந்த பயணம். ஜெமைமா மாரெல் என்ற பெண் அதில் எழுதிய நாட்குறிப்பு நூறு ஆண்டு கழித்துப் புத்தகமாக வந்தது. நாங்கள் போன பேக்கேஜ் டூரின் மூலப்பிரதி அதுதான்.

அந்த ஆண்டைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதே 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். பிரான்ஸின் சோம் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட கருவிகள் கிடைத்து, அவை ஆதிமனிதன் செய்தவைதான் என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டு அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதைப் படித்திருந்ததால்தான் சரளைக்கல்லுக்கு நடுவே கிடந்ததை ஃபூட் அடையாளம் கண்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அவர் அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கம். எங்கள் வீட்டிலிருந்து திருவள்ளூருக்கு லோக்கல் ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது; அங்கிருந்து பூண்டி பக்கம் போனால் அத்திரம்பாக்கம். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து, அங்கே கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஐரோப்பிய விஞ்ஞானம் மெனக்கெட்டு வந்து பார்த்த நிலம் எங்கள் ரயில் பாதையிலேயே இருந்திருக்கிறது.

அதற்குப் பக்கத்தில்தான் அல்லிக்குழி மலையும் குடியம் குகையும். அக்கா மகன் லீவு போட்டான், மூவரும் கிளம்பினோம். 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கக் கரையில், தொல்லியல் துறை அருங்காட்சியக வாசலோடு அக்காவின் பயணம் முடிந்தது. குகைக்கு ரோடு கிடையாது. குடியம் கிராமத்திலிருந்து காப்புக் காட்டுக்குள் உருளைக் கற்கள் மேல் ஒரு மணி நேர நடை. “நீங்க போயிட்டு வாங்க, நான் கோடாலியைப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

முள் புதர், வெயில், கால் வைத்தால் நழுவும் கல். வழி பிரிகிற இடங்களில் பலகை இல்லை. ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் கை காட்டினார். திரும்பினால் திடீரென்று எழுந்து நிற்கிறது குகை. ஒரு கல்யாண மண்டபமே உள்ளே போய்விடும் அளவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக் கூரை, உயரத்தில் தேனடைகள். சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். கடலை மிட்டாயில் கடலை பதிந்தாற்போல் சிவந்த மண்பாறைக்குள் உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள். சில முட்டையளவு, சில தலையளவு. கடப்பைப் பக்கத்து மலைகளிலிருந்து ஏதோ ஒரு பழைய ஆறு உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. ஆல்ப்ஸ் மலை எழும்புவதற்கு முன்பே இங்கே படிந்து இறுகியவை. ஒன்று உதிர்ந்த இடத்தில் வழவழப்பான குழி இருந்தது. விரலை விட்டுத் தடவினேன். இப்படி உதிர்ந்த கற்களைத்தான் எடுத்து உடைத்து இந்தப் பக்கத்து ஆதிமனிதர்கள் கோடரி செய்தார்கள். யுங்ஃப்ராவில் கண்ணாடிக்கும் கம்பிக்கும் இந்தப் பக்கம் நின்றே பார்த்தேன். இங்கே நிலத்தைத் தொட முடிந்தது.

அதனால் குடியமே மேல் என்று சொல்ல வரவில்லை. பனியாறு பனியாறுதான், அதற்கு ஈடாகத் திருவள்ளூர் மாவட்டத்தில் எதையும் காட்ட முடியாது. ஐரோப்பாவில் எனக்குப் பெரிதாகப் பட்டது இயற்கை அவர்களுக்கு வாரிக் கொடுத்திருப்பது அல்ல. நடக்க முடியாதவரும் அதைப் பார்க்க வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டு, பாதை போட்டு, நேரம் தவறாமல் வண்டி விட்டிருப்பதுதான். அதற்கு விலையும் அதிகம், மலையில் வருடத்துக்குப் பத்து லட்சம் பேர் கூடுவதன் கேடும் உண்டு. குடியத்துக்குக் கயிற்றுப் பாதையோ சிமென்ட் ரோடோ போட்டால் முதல் மாதமே தேனடைக்குப் புகை வைத்து, பாறையில் பெயர் செதுக்கிவிடுவார்கள். திருவள்ளூரிலிருந்து சொன்ன நேரத்துக்கு ஒரு பஸ், தமிழில் வழிப்பலகைகள், ஒரு கழிப்பறை, உட்கார்ந்து எழுந்து போக இரண்டு மூன்று கல் பெஞ்சுகள், கூடவே வரக் கிராமத்து இளைஞர்கள் நாலு பேருக்குச் சம்பளம். அவ்வளவு போதும்.

இன்றைய நிலைமையில், முழங்கால் தேய்ந்த என் அக்கா ஐரோப்பாவின் உச்சி ரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டாள். வீட்டிலிருந்து ஒரு லோக்கல் ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்தால் போய்ச் சேரும் மலையைப் பார்க்கவில்லை. அவள் முழங்காலை இதற்குக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.