அச்சுக் கோத்தவர் பெயர்

வேல்ஸ் என்ற சிறு நாடு தன் மனிதர்களுக்கென்று ஒரு வாழ்க்கை வரலாற்று அகராதி செய்துகொண்டது. 1953இல் வெல்ஷ் மொழியிலும் 1959இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஆங்கிலப் பதிப்பின் பிரதியொன்று, முதுகு பிய்ந்த நிலையில், உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. அரசர்கள், நிலக்கிழார் குடும்பங்கள், அவர்களைப் பாடிய கவிஞர்கள் ஆகியோரை எதிர்பார்த்தே புரட்டினேன். எதிர்பாராதது, இவர்களுக்கு நடுவே அச்சுக்காரர்களும் இருந்தது. அகரவரிசை யாரையும் மேலே கீழே வைப்பதில்லை. இளவரசனுக்குப் பக்கத்தில் ஈயத்தோடு புழங்கியவன் உட்கார்ந்திருக்கிறான்.

இதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் அச்சுத்தொழில் லண்டனுக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் என்று ஏறக்குறைய கட்டிவைக்கப்பட்டிருந்தது. 1587இல் கத்தோலிக்கர் சிலர் வேல்ஸின் கடற்கரைக் குகையொன்றில் ஒளிந்திருந்து அச்சடிக்க வேண்டியிருந்தது. மறு வருஷம் வெளியான வெல்ஷ் பைபிளும் லண்டனில் அச்சானதுதான். 1695இல் அந்தச் சட்டம் காலாவதியான பிறகு, 1718இல் டைவி ஆற்றங்கரைக் கிராமமொன்றில் ஐசக் கார்ட்டர் என்பவர் வேல்ஸ் மண்ணின் முதல் சட்டபூர்வமான அச்சகத்தைத் தொடங்கினார். ஆட்சி கைவிட்ட மொழிக்கு அச்சுக்காரன் தேவைப்பட்டான். அந்தப் பிரக்ஞை அவர்களிடம் இருந்திருக்கிறது.

நம்மிடமும் 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ்ப் புத்தகம் உண்டு. சுதேசிகள் தடையின்றி அச்சகம் வைத்துக்கொள்ள 1835 வரை காத்திருந்ததும் உண்டு. சரித்திரம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் நடந்திருக்கிறது. நினைவு மட்டும் வேறு மாதிரி.

கொங்கு நாட்டுக்கு ஒரு அகராதி இருந்ததென்றால் அது கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம். ஊர், ஆறு, மலை, கொடையாளி, தலைவன், புலவன் எல்லாம் நூறு செய்யுளுக்குள் வரிசையாக வருகின்றன. நன்னூல் செய்த பவணந்தி, சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், பெருங்கதையின் கொங்கு வேளிர் என்று கொங்கு பெருமை பேசும் பெயர்கள் நமக்குத் தெரியும். ஆனால் எந்தச் சதகத்தையும் போல இதிலும் நுழைய ஒரு வாசல்தான்: கொடுத்திருக்க வேண்டும், அல்லது பாடியிருக்க வேண்டும். வெல்ஷ் பாணர்களும் பிரபுக்களின் வம்சாவளியை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்தாம். புலவனும் புரவலனும் ஒருவரையொருவர் சாகாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு இது. ஏட்டிலிருந்த சதகத்தை 1923இல் பதிப்பித்து நம் கையில் சேர்த்தவர் திருச்செங்கோடு தி. அ. முத்துசாமிக் கோனார். சதகம் அச்சேறாவிட்டால் மண்டலத்துப் பெருமை கரையானுக்குத்தான்.

கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் நாவிதர் குலத்துக் குடிமகன். நீண்ட பாட்டு, தலைமுறை தலைமுறையாக நெஞ்சில் வைத்திருந்தவர்கள் அவர்கள். பாட்டு யாருடையது என்று கேட்டால் கம்பருடையது என்பார்கள். சுமந்தவர்களுக்குப் பெயரில்லை, பெயர் கம்பரிடம் போய்விட்டது.

என் தகப்பனார் இருபத்தேழு வருஷம் அச்சுக் கோத்தவர். பெரிய குளத்துக் காற்று படுகிற சந்தொன்றில் இருந்தது அச்சகம். 2024இல் திறந்த மேம்பாலத்துக்குப் பின் அந்த இடத்தை அடையாளம் சொல்வது கஷ்டம். கல்யாணப் பத்திரிகை, மீன் கடைக்குப் பில் புத்தகம், கட்சி நோட்டீஸ், கவிதைத் தொகுதி எல்லாம் ஒரே அறைப்பெட்டியிலிருந்துதான். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்கள் போயின. துதிக்கை வைத்த லையும் னையும் எடைக்குப் போன பிறகும் பல மாதம் அவர் கை பழைய அறைக்கே போய்த் திரும்புமாம்.

புதுக்கவிதை வந்தபோது அவருக்கு வேலை கூடிற்று. வரி குட்டையாக நின்றால் மீதி இடத்தை எழுத்தில்லாத ஈயக் கட்டைகளால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் பக்கம் பூட்டில் நிற்காது. மௌனம் என்று நாங்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தது அவருக்கு எடையுள்ள ஒரு வஸ்து. புரூப் தாளை நீட்டி, "இந்த வரிய ஏன் கண்ணு இங்க முறிச்சிருக்கறாங்க?" என்பார். பத்துக் கவிதைக்கு இரண்டில் என்னால் பதில் சொல்ல முடிந்தது. அதைவிடக் கறாரான விமர்சனக் கேள்வியை நான் அதிகம் சந்தித்ததில்லை.

1971இல் கோவையிலிருந்து 'விலையிலாக் கவிமடல்' என்று வானம்பாடி வந்தது. புவியரசு, சிற்பி, ஞானி, முல்லை ஆதவன் என்று அதன் மனிதர்களைப் பற்றி ஆதரித்தும் மறுத்தும் நிறையவே எழுதியாயிற்று, எழுத வேண்டியதும்தான். எழுத்துக் கோத்தவர்களைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. மற்றச் சிறுபத்திரிகைகளின் கதையும் இதேதான். புத்தகத்தில் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டுமென்று 1867ஆம் வருஷச் சட்டம் சொன்னது. அச்சிட்டவர் என்றால் அச்சகத்து முதலாளி. சட்டம் யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்று தெரிந்துகொள்ள விரும்பியது. மரியாதை அதன் நோக்கமல்ல.

பிரதிதான் முக்கியம், ஆள் முக்கியமில்லை என்று வாதிக்கலாம். கவிஞனையும் அப்படி விட்டுவிடத் தயார் என்றால் ஒப்புக்கொள்வேன். புரவலனைப் பாடுவதில்லை என்று கிளம்பிய நாம், நம்மை நாமே பாடிக்கொள்ளும் சதகமொன்றை இதழ் இதழாக எழுதிவருகிறோம் என்றே தோன்றுகிறது.

பட்டக்காரர் வம்சாவளி செப்பேட்டில் இருக்கிறது, அதற்கு ஆபத்தில்லை. ஈய எழுத்துக் கோத்தவர்களில் சிலர் இந்த ஊரில் எழுபது, எண்பது வயதில் இன்னும் இருக்கிறார்கள். என் தகப்பனாரைக் கேட்க இனி வழியில்லை. மற்றவர்களைக் கேட்கலாம்: பெயர், பிறந்த ஊர், எந்த அச்சகம், கோத்த புத்தகங்களில் ஞாபகமிருப்பவை. ஆளுக்கு நாலு வரி போதும்.