டயரின் முதுகைப் பார்க்கிறவர்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளுக்கு அகலமான சக்கரம் தேடி வருகிறவர்கள் அதன் முகத்தைப் பார்க்கிறார்கள். அதைக் காரில் மாட்டித் தருகிற மேஸ்திரி முதுகுப் பக்கத்தைப் பார்க்கிறார். வண்டிக்கு உள்ளே திரும்பியிருக்கும் அந்தப் பக்கத்தில்தான் ஷாக் அப்சார்பர் குழாய், பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் ராடு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. டயருக்கும் இரும்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அங்கே விரலை விட்டுப் பார்ப்பதில் அவருடைய தொழில் தொடங்குகிறது.

புதுப்பேட்டையின் உள்சந்து ஒன்றில், பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது அந்தப் பட்டறை. இரண்டு கார் நின்றால் இடம் தீர்ந்துவிடும். ஐம்பதைத் தாண்டிய மேஸ்திரியை, வாடிக்கையாளர்கள் முதல் எதிர்க்கடைக்காரர் வரை எல்லாரும் ‘பாய்’ என்றே கூப்பிடுகிறார்கள். இளவயதில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஓர் அணிக்குச் சக்கரம் கழற்றி மாட்டும் வேலையில் இருந்தவர். 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தளத்தில் எஸ்டீம் கார்கள் சீறிக்கொண்டிருந்த காலம் அது. இன்று அவரைத் தேடி வருகிறவையும் பெரும்பாலும் அந்தத் தலைமுறை வண்டிகள்தான்: மாருதி 800, ஜென், எஸ்டீம்.

நான் போயிருந்தபோது ஒரு வெள்ளை எஸ்டீம் முட்டுக்கால்களின் மேல் நின்றுகொண்டிருந்தது. தாம்பரத்திலிருந்து வந்த இளைஞருடையது. அவருடைய அப்பா வாங்கிய கார். உயரம் குறைந்த ஸ்பிரிங் ஏற்கெனவே போட்டிருந்தார். சைலென்சரும் மாற்றியாகிவிட்டது. டிக்கியில் நான்கு பழைய 15 அங்குல அலாய் ரிம்கள், அவற்றில் 195/50 டயர்கள். “இதை மாட்டிக் குடுத்துடுங்க பாய், அவ்வளவுதான்” என்றார்.

அவ்வளவுதான் இல்லை என்பது அடுத்த சில மணி நேரத்தில் தெரிந்தது.

எஸ்டீம் 1994இல் வந்து 2007 வரை விற்ற கார். சுசுகியின் கல்டஸ்தான் அதன் மூலம். 1298 சிசி இன்ஜின், எடை குறைந்த உடம்பு. அதனால்தான் ராலி ஓட்டுநர்களும் பந்தயக்காரர்களும் அதை அப்படிக் கொண்டாடினார்கள். ஆனால் அகல டயர் போட நினைப்பவருக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒட்டி, ஷாக் அப்சார்பர் அடங்கிய ஸ்ட்ரட் குழாய் நிற்கிறது. நான்கு மூலையிலும் உள்பக்கம் இடம் குறைவு. வெளிப்பக்கம் மட்காடின் மடிப்பு. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடத்தில்தான் புது டயர் உட்கார வேண்டும்.

பாய் முதலில் எடுத்தது ஸ்பேனரை அல்ல, சாக்பீஸை. பட்டறைச் சுவரில் இரண்டு வரி எழுதினார். காரில் இருந்த பழைய டயர் 175/70 ஆர் 13. அதாவது அகலம் 175 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், 122.5 மில்லிமீட்டர், ரிம் 13 அங்குலம். மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 575 மில்லிமீட்டர். இளைஞர் கொண்டுவந்த 195/50 ஆர் 15இன் விட்டம் 576. “ரவுண்டு ஒண்ணுதான் சார். கணக்குல தப்பில்ல. கடைக்காரர் இதைத்தான் பார்த்துச் சொல்லியிருப்பார்.”

விட்டம் மாறக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. சக்கரம் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கில்தான் ஸ்பீடாமீட்டர் ஓடுகிறது. இதே காரில் யாராவது 185/70 ஆர் 14 போட்டால் விட்டம் 614 மில்லிமீட்டரைத் தாண்டும். ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம். முள் 80இல் நிற்கும்போது வண்டி 85க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கியர் இழுவையும் மந்தமாகும். அதனால்தான் ரிம் பெரிதாகப் பெரிதாகப் பக்கச்சுவரைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

குறைகிற பக்கச்சுவர் எங்கே போய் வலிக்கும் என்பதைப் பாய் அடுத்த வரியில் எழுதினார்: 97.5. பழைய டயரில் 122.5 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் பள்ளத்தை வாங்கிக்கொண்டன. இதில் அது 25 மில்லிமீட்டர் குறைவு. மழைக்குப் பிறகு சென்னைச் சாலைகளில் தண்ணீர் மூடிய குழிக்குள் இறங்கினால், ரப்பர் தாங்காத அடியை ரிம்மின் விளிம்பு வாங்கும். அலாய் வளையும், அல்லது விரிசல் விடும். வளைந்த அலாயை நெருப்பில் காட்டி நிமிர்த்தித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வார்ப்புக்குப் பிறகு சூட்டுப் பதம் கொடுத்து உறுதியேற்றிய உலோகம் அது. மறுபடி தீயில் வாட்டினால் அந்தப் பதம் போய்விடும். வெல்டிங் போட்ட ரிம்மைப் பாய் தொடுவதே இல்லை.

பிறகு ரிம்மைச் சோதித்தார். எஸ்டீமின் ஹப்பில் நான்கு போல்ட்டுகள். அவை நிற்கும் வட்டத்தின் விட்டம், பட்டறைகளில் பி.சி.டி. என்று சொல்வது, 114.3 மில்லிமீட்டர். ஸ்விஃப்டுக்கு 100. ஒரே கம்பெனி வண்டி என்று நம்பி ஸ்விஃப்ட் ரிம்மை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டாம். இளைஞரின் ரிம்மில் எட்டுத் துளைகள் இருந்தன, இரண்டு அளவுக்கும் பொருந்துகிற மாதிரி. அது சரி. ஆனால் நடுத்துளை ஹப்பைவிடப் பெரியது. அந்த இடைவெளியை ஒரு வளையம் கடைந்து அடைக்காவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது. எத்தனை தடவை பாலன்சிங் செய்தாலும் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். அடுத்த சந்தில் இருக்கும் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்குகிறார்கள்.

நட்டு சின்னப் பொருள். பாய் அதற்காகத்தான் அதிகம் சண்டை போடுகிறார். சுசுகியின் மரை 12 மில்லிமீட்டர் தடிமன், 1.25 இடைவெளி. டொயோட்டா, ஹோண்டாவுக்கு 1.5. மாற்றி எடுத்த நட்டு முதல் இரண்டு சுற்று ஏறிவிடும். அதற்கு மேல் ஏர் கன்னால் அடித்தால் மரை செத்துவிடும். கம்பெனி இரும்பு ரிம்முக்கான நட்டும் எல்லா அலாய்க்கும் பொருந்தாது, உட்காரும் சரிவு மாறும். பட்டறையின் உதவிப் பையன், பதினெட்டு பத்தொன்பது வயதிருக்கும், ஒவ்வொரு நட்டையும் முதலில் விரலால்தான் ஏற்றுகிறான். “கையால ஏறாத நட்டு மிஷின்ல ஏறக்கூடாதுன்னு பாய் சொல்லியிருக்காரு” என்றான்.

இந்த வேலையின் நுட்பம் முழுவதும் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. சாதாரணக் கடையில் சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்து, உரசவில்லை என்றால் பணம் வாங்கிக்கொள்வார்கள். நிற்கிற வண்டியில் உரசாது. நான்கு பேர் ஏறி, வேகத்தடையில் குதித்து, அதே நேரம் வளைவும் திரும்பும்போதுதான் உரசும். அதனால் பாய் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டினார். கீழே ஜாக்கி கொடுத்து, சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் மேலே ஏற முடியுமோ அவ்வளவும் ஏற்றினார். ஸ்பிரிங் இல்லாததால் சக்கரம் எதிர்ப்பின்றி மட்காடுக்குள் போனது. டயரின் தோள் முழுக்கச் சாக்பீஸ் தடவியிருந்தான் பையன். ஸ்டியரிங்கை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாக ஒடித்தார்கள். இறக்கிப் பார்த்தபோது மட்காடின் உள் லைனரில் ஒரு வெள்ளைக் கோடு. பின்சக்கரத்தில் மட்காடின் மடிப்பிலும் ஒன்று. உள்ளே ஸ்ட்ரட் குழாய்க்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை.

“வாஷர் போட்டு வெளியே தள்ளிடலாமே பாய்?” என்று கேட்டார் இளைஞர். ஸ்பேசர் என்கிற அந்தத் தட்டையான வளையத்தைத்தான் சொன்னார்.

பாய் இதற்கும் சுவரில் எழுதினார். 5 அங்குல ரிம்முக்குப் பதில் 6 அங்குல ரிம் போட்டால், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் விலகியிருக்கும் தூரம்) மாறாதவரை, உள்ளே அரை அங்குலம், வெளியே அரை அங்குலம். அதாவது இரு பக்கமும் 12.7 மில்லிமீட்டர் கூடும். 10 மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் உள்பக்கத் தொல்லை 2.7ஆகக் குறையும். ஆனால் வெளிப்பக்கம் 22.7 ஆகிவிடும். உள்ளே விட்ட இடத்தை வெளியே பிடுங்கிக்கொள்கிற கணக்கு இது. சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங்கின் மேல் விழும் சுமை கூடும். பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். போல்ட்டில் நட்டு பிடிக்கிற நீளமும் ஸ்பேசரின் தடிமன் அளவு குறையும். பவர் ஸ்டியரிங் இல்லாத எஸ்டீமாக இருந்தால், நெரிசலான தெருவில் வண்டியை நிறுத்தி எடுப்பதற்குள் தோள் இற்றுவிடும்.

அவர் பரிந்துரைத்தது 14 அங்குல ரிம், 185/60 டயர். விட்டம் 577.6 மில்லிமீட்டர், பழையதற்கும் இதற்கும் அரை சதவீதம்கூட வித்தியாசமில்லை. பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர். சுமைக் குறியீடு 82, ஒரு டயருக்கு 475 கிலோ. பழைய டயருக்கு நிகரானது. அகலம் 10 மில்லிமீட்டர்தான் கூடுகிறது. இளைஞரின் முகம் வாடியதில் ஆச்சரியமில்லை. பின்னாலிருந்து பார்த்தால் தெரிகிற அகலத்துக்காகத்தான் இத்தனை மாதம் காசு சேர்த்திருக்கிறார்.

அகல டயரைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது: தரையில் அதிக ரப்பர் படும், அதனால் பிடிமானம் கூடும் என்பது. தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது வண்டியின் எடையும் டயரின் காற்றழுத்தமும். அகலம் கூடினால் அந்தப் பரப்பின் வடிவம் மாறுகிறது. நீளம் குறைந்து குறுக்கே விரிகிறது. வளைவில் அது உதவும், குட்டையான பக்கச்சுவர் நெளியாமல் நிற்பதும் உதவும். ஆனால் அதே டயர் தேங்கிய நீரில் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும், ஏனென்றால் ஒதுக்க வேண்டிய தண்ணீரின் அகலமும் கூடிவிட்டது. வடகிழக்குப் பருவமழையில், தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் ஓட வேண்டிய கார் இது. 195ஐ மறுத்த மேஸ்திரி, கைக்கு வந்த வேலையையே இழக்கத் துணிந்தார். ஆனாலும் அவர் செய்ததுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில், விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. எஸ்டீம் 2007இல் நின்றுவிட்டதால், சாலையில் இருக்கும் ஒவ்வொன்றும் பதினைந்து வயதைக் கடந்து, பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குப் போயாக வேண்டிய வண்டி. உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் டயர் அங்கே முதலில் கண்ணில் படும்.

இளைஞர் ஒப்புக்கொண்டார். 15 அங்குல செட்டை எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய், கொஞ்சம் பணம் விட்டு, 14 அங்குலத்துக்கு மாற்றி வந்தார். புது டயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்கத்தைப் பையன் முதலில் படித்தான். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. தயாரான தேதி அது. கடையில் வருடக்கணக்கில் கிடந்த டயரைப் புதிது என்று விற்பதைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

டயரை ரிம்மில் ஏற்றும் வேலை பார்க்கச் சுலபம், உண்மையில் ஆபத்தானது. காற்று ஏற ஏற, டயரின் விளிம்பு ரிம்மின் பள்ளத்தில் வெடிச் சத்தத்தோடு போய் உட்காரும். 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றி அதை உட்கார வைக்கக் கூடாது. உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி முயல வேண்டும். பையன் டயருக்கு நேராக முகத்தை வைக்காமல் ஒதுங்கி நின்று, நீளக் குழாயில் காற்றடித்தான். அதைப் பாய் கண்டிப்பாகப் பழக்கியிருக்கிறார். காருக்கடியில் செங்கல் அடுக்கிவிட்டு உள்ளே நுழைகிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. இங்கே இரும்பு முட்டுக்கால் இல்லாமல் யாரும் தலையை நீட்டுவதில்லை. இந்தப் பையன்களின் பாதுகாப்பு ஒரு மேஸ்திரியின் நல்ல குணத்தை மட்டுமே நம்பியிருப்பது வருத்தமான நிலை. காப்பீடு இல்லை, கையுறைகூட அவரவர் காசில்.

பின் மட்காடின் மடிப்பைத் தட்ட டிங்கர் வந்தார். தகரம் இரண்டாக மடிந்து நிற்கிற இடம் அது. ஹாட் கன்னால் பெயின்ட்டைச் சூடேற்றி இளக்கிக்கொண்டே, மரச்சுத்தியலால் மடிப்பை உள்ளே படிய வைத்தார். ஒரே அடியில் முடிக்கிற வேலை இல்லை. விளிம்பு முழுக்க ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. அவசரப்பட்டால் வெளியே பெயின்ட் விரிசல் விடும், தகரம் அலையடிக்கும். மடிப்புக்குள் துரு பூத்திருந்தது. கடற்கரை ஊரில் ஓடிய வண்டிகளுக்கு இது வழக்கம். சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடித்து, சீலன்ட் பூசி மூடினார். எந்தப் படத்திலும் தெரியாத இந்த அரை மணி நேர வேலைதான் அந்தக் காரின் ஆயுளைக் கூட்டியது என்று சொல்வேன்.

மறுபடி ஸ்பிரிங் இல்லாமல் ஒரு சோதனை. சாக்பீஸ் எங்கும் ஒட்டவில்லை. ஸ்ட்ரட் பக்கம் விரல் தாராளமாகப் போய் வந்தது. ஸ்பிரிங்கை மாட்டி, வண்டியை இறக்கி, பட்டறையில் நின்ற எல்லாரையும் பின்சீட்டில் ஏற்றிச் சந்தைச் சுற்றி வந்தார்கள். அலைன்மென்ட் கடைசியாக. சக்கரத்தின் நிலை மாறியிருக்கும்போது பழைய டோ அளவை (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை) அப்படியே விட்டால் புது டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கிளம்பும்போது பாய் டார்க் ரெஞ்சைப் பையன் கையில் கொடுத்து, குறுக்கு வரிசையில் நட்டுகளை இறுக்கச் சொன்னார். “அம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க சார், மறுபடி டைட் பண்ணணும், காசு வேணாம். அப்புறம் அந்தக் கம்பெனி ரிம்மை வித்துடாதீங்க, ஆர்.டி.ஓ.ல கேட்டா வேணும்.” இளைஞர் தலையாட்டிவிட்டு நான்கு இரும்பு ரிம்களையும் டிக்கியில் அடுக்கினார். சந்தின் வாசலில் அதற்குள் ஒரு ஜென் வந்து நின்றிருந்தது. பாய் பையனிடம் டார்ச் லைட்டை எடுத்துவரச் சொல்லிவிட்டு, அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார்.