கறுப்பு இறங்கிய கதை

தலைமயிருக்குச் சாயம் ஏற்றுவது வெகு சுலபமான காரியம். ஒரு பொட்டலம் வாங்கி, குழைத்துத் தடவி, அரை மணி நேரம் பொறுமையுடன் உட்கார்ந்திருந்தால் போதும். பத்து வயது குறைந்துவிட்டதாக நிலைக்கண்ணாடி பொய்ச் சாட்சி சொல்லிவிடும். ஆனால், ஏற்றிய சாயத்தை இறக்குவது இருக்கிறதே, அது புலிவாலைப் பிடித்தவன் கதைதான்.

நம் தமக்கையார் பன்னிரண்டு வருஷ காலமாகத் தலைக்குக் கருங்கறுப்பாகச் சாயம் பூசி வந்தவர். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே, பதினைந்து நாளில் வகிட்டில் அரை சென்டிமீட்டர் வெள்ளைக்கோடு எட்டிப் பார்க்கும். கருங்கறுப்புக்கு நடுவே அது அரை முழமாகத் தோன்றும்! இளம்பழுப்பு நிறமாக மாற்றிவிட்டால் நரை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் என்பது அவருடைய எண்ணம். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அழகு நிலையத்தில் விசாரித்ததில், தலை முழுவதையும் முதலில் வெளுத்தாக வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் கேட்டார்கள். கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவருக்கு அது ஒரு மாத ஜீவனத்தில் பாதி.

"தம்பி, நீ ரஸாயனம் படித்தவன்தானே? ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லுகிறாய். என் தலைக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

"கறுப்பின் மேலேயே பழுப்பைப் பூசிவிட்டால் என்ன?" என்பது அவருடைய முதல் கேள்வி. கரும்பலகையில் கரித்துண்டால் எழுதினால் எப்படித் தெரியும்? ஒரு சாயம் இன்னொரு சாயத்தை ஒருபோதும் வெளுக்காது. முதலில் பலகையைத் துடைத்தாக வேண்டும்.

1856-ல் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது ஆங்கில இளைஞர், மலேரியாவுக்குரிய க்வினைனைச் செய்யப் புகுந்து, ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டெடுத்தார். நிலக்கரித் தாரிலிருந்து வரிசையாகச் சாயங்கள் பிறந்தது அதன் பிறகுதான். 1909-ல் யூஜின் ஷூலர் என்னும் பிரெஞ்சு ரஸாயனி தலைமயிர்ச் சாயத்துக்கென்றே ஒரு கம்பெனியை நிறுவினார். இன்றைய கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவை அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. அவற்றில் உள்ள பாரா-பினிலீன்-டயமின் என்னும் வஸ்துவின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அம்மோனியா மயிரின் மேற்செதில்களைத் திறந்துவிட, அவை உள்ளே நுழைகின்றன. ஹைட்ரஜன் பெராக்ஸைடு தரும் பிராணவாயுவின் உதவியால் ஒன்றோடொன்று கைகோத்துப் பெருத்துவிடுகின்றன. குதிருக்குள் புகுந்து நெல்லைத் தின்று கொழுத்த எலி, வந்த துவாரத்தின் வழியே வெளியேற முடியாமல் திண்டாடியது போலத்தான் அப்புறம் அவற்றின் கதியும்.

எலியை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குதிரையே இடிப்பது. வெளுப்பு மருந்து செய்வது அதுதான். சாயத்தோடு இயற்கை நிறத்தையும் அழித்து, மயிரையும் நைந்துபோகச் செய்கிறது. மற்றது, எலியை மெலியச் செய்வது. கந்தகச் சேர்க்கை கொண்ட சாயநீக்கிகள் கைகோத்த மூலக்கூறுகளைப் பிரித்துவிடுகின்றன. சிறுத்தவை தண்ணீரோடு வெளியேறிவிடும். வைட்டமின் ஸி மாத்திரையைப் பொடித்து ஷாம்பூவில் குழைத்துத் தடவுவதும் இதே தத்துவம்தான். ஆனால் அது அண்மையில் பூசிய சாயத்தைச் சற்று மங்கச் செய்யுமே தவிர, பன்னிரண்டு வருஷத்துக் கறுப்பை அசைக்க அதற்குச் சக்தி போதாது. துணி வெளுக்கும் திராவகத்தையோ தலைப்பக்கமே கொண்டு போகக் கூடாது. அது மயிரைக் கரைத்துவிடும்.

காரியத்தில் இறங்குமுன் தமக்கையாரைக் குறுக்கு விசாரணை செய்தோம். மருதாணியும் அவுரியும் கலந்து பூசியதுண்டா? இல்லை என்றார். இந்தக் கேள்வி அவசியம். சம்பாரணில் குடியானவர்களை வாட்டிய அவுரிக்காக 1917-ல் காந்திஜி போராட நேர்ந்தது. அதே அவுரி தலையில் ஏறியிருக்கும்போது வெளுப்பு மருந்து வைத்தால் மயிர் பச்சையாகி நம்மையும் வாட்டும். சாயநீக்கியும் அதனிடம் பலிக்காது. இன்னொரு விஷயம்: அசல் மருதாணி செந்நிறந்தான் தரும். "கறுப்பு மருதாணி" என்று விற்பவை பலவற்றில் மேற்சொன்ன பாரா வஸ்துவே ஒளிந்திருக்கிறது. ஈய உப்பு, வெள்ளி உப்பு கலந்த சாயங்களோ பெராக்ஸைடு பட்டால் கொதிக்கும் அளவுக்குச் சூடேறக் கூடியவை.

பின்னங்கழுத்தருகே ஒரு சிறு கற்றையை நறுக்கி, அதற்கு மட்டும் மருந்தை வைத்துப் பார்த்தோம். காதுக்குப் பின்னால் துளி தடவி, நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருந்தோம். அரிப்பு இல்லை. அதன் பிறகே ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் குறித்தோம்.

வீடு முழுவதும் அழுகிய முட்டை வாசனை. தமக்கையார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ராமா, ராமா" என்றார். குறித்த நேரம் ஆனதும் அலசத் தொடங்கினோம். உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பிரிந்த மூலக்கூறுகள் மயிருக்குள்ளேயே தங்கிவிட்டால், காற்றிலுள்ள பிராணவாயு பட்டு மறுபடியும் கைகோத்துக்கொள்ளும். நேற்று போன கறுப்பு இன்று திரும்பி வந்துவிடும். ஆகையால் வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிஷம் இடைவிடாமல் அலசினோம்.

தலை உலர்ந்ததும் மூன்று நிறங்கள் தெரிந்தன. நரைத்திருந்த இடங்களில் மங்கிய வெண்மை, நடுவில் செம்பழுப்பு, சாயம் பல அடுக்காகப் படிந்திருந்த நுனியில் இன்னும் கறுப்பு. நடுவில் பழைய இயற்கைக் கறுப்பு ஏன் வரவில்லை? சாயத்தோடு சேர்ந்து வந்த பெராக்ஸைடு ஒவ்வொரு தடவையும் அதைச் சிறிது சிறிதாக வெளுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சாயநீக்கி சாயத்தைத்தான் எடுக்கும். போன நிறத்தைத் திருப்பித் தராது.

அன்றைக்கே பழுப்பைப் பூசிவிட வேண்டும் என்று துடித்தார் தமக்கையார். "பத்து நாள் பொறு, அக்கா" என்றோம். உடனே பெராக்ஸைடு கலந்த சாயத்தைப் பூசினால் உள்ளே மிச்சமிருப்பவை விழித்துக்கொண்டு பழைய கறுப்பையே கொண்டுவந்துவிடும். பத்து நாள் கழித்து, நுனியை இரண்டு அங்குலம் நறுக்கி, பெராக்ஸைடு இல்லாத சாயத்தை, வேண்டிய நிறத்துக்கு ஒரு படி இளையதாகத் தேர்ந்து பூசினோம். சாயம் நீங்கிய மயிர் புதிய சாயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால் இந்த எச்சரிக்கை.

கல்யாணப் பந்தலில் சம்பந்தியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களைப் பார்த்தால் இப்போதுதான் பெண்ணின் தாயார் என்று நம்ப முடிகிறது, நிச்சயதார்த்தத்தில் தமக்கை என்றல்லவா நினைத்தேன்!" என்றாள். இது புகழ்ச்சியா, இகழ்ச்சியா என்று நாம் யோசிப்பதற்குள் தமக்கையார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அழகு நிலையத்துக்குக் கொடுக்காத பணம் பெண்ணுக்கு ஒரு பட்டுப் புடவையாக மாறியிருந்தது. வகிட்டில் இரண்டொரு வெள்ளிக் கம்பிகள் தெரியத்தான் தெரிந்தன. அவற்றை மறைக்க அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.