ஆதிரங்கத்தின் மேல் ஒரு கவலை

பெங்களூரு

திருவரங்கத்து நண்பருக்கு,

பெங்களூருவில் வாழும் தமிழ் வைணவக் குடும்பங்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிவிடக்கூடிய தொலைவிலுள்ள ஊர். மைசூர்ச் சாலையில் சுமார் 125 கிலோமீட்டர் சென்றால், காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுமிடத்தில், ஏறத்தாழ மூன்று மைல் நீளமுள்ள தீவாகக் கிடக்கும் அவ்வூரை அவர்கள் ஆதிரங்கம் என்று வழங்குகிறார்கள். ஆதிரங்கம், மத்தியரங்கம், அந்தியரங்கம் என்பன, காவிரித் தீவுகளில் அரங்கன் பள்ளிகொண்ட மூன்று தலங்களை ஆறு இறங்கி வரும் வரிசையிலேயே குறிக்கும் பெயர்கள். முதலாவது ஸ்ரீரங்கப்பட்டணம், இடையிலுள்ளது சிவசமுத்திரம், கடைசியானது தாங்கள் வாழும் திருவரங்கம். ஆழ்வார் பாடல் பெற்ற நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஆதிரங்கம் சேராது என்றாலும், அங்கே அரங்கனின் திருவடியருகே காவிரித்தாய் அமர்ந்திருக்கும் கோலத்தைக் கண்ட தமிழருக்கு, தம் ஊர் வயலுக்கு நீர் விடுபவளையே நேரில் சேவித்தது போன்ற நிறைவு உண்டாகிறது.

அந்த ஊரைப் பற்றிய கவலையே இக்கடிதம் எழுதப்படக் காரணம். அங்கே கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், கோட்டையின் பெங்களூர் வாயிலருகே, இரட்டை மினார்களோடு மஸ்ஜித்-ஏ-அலா என்னும் ஜும்மா மசூதி நிற்கிறது. திப்பு சுல்தான் 1780-களில் எழுப்பிய இம்மசூதி, முன்பு ஆஞ்சநேயர் கோயில் இருந்த இடத்தில் கட்டப்பட்டது என்று சொல்லி, அதனை மீட்க வேண்டுமெனச் சில அமைப்புகள் குரல் கொடுத்து வருகின்றன. 2022 ஜூன் 4 அன்று ஊரை நோக்கிப் பேரணி அறிவிக்கப்பட்டபோது, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ ஓரிடத்தில் கூடுவதை விலக்கும் தடையுத்தரவு (அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு) பிறப்பிக்கப்பட்டு, வந்தவர்கள் ஊருக்கு வெளியே கிரங்கூர் அருகிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தசரா ஊர்வலம் புறப்படும் வன்னிமண்டபம் இருப்பதும் அதே கிரங்கூரில்தான். மைசூர் மன்னர் ராஜ உடையார் 1610-இல் தொடங்கிய அவ்விழாவின் வழியில் காவலர்களின் தடுப்புகள் நின்றது, அவ்வூரை நேசிப்பவர்களுக்கு எளிதில் மறக்கக்கூடிய காட்சியன்று. ஆண்டுதோறும் டிசம்பரில் மாலையணிந்த அனுமன் பக்தர்கள் அவ்வூரில் ஊர்வலம் போகும் நாளிலும் மசூதியைச் சுற்றிக் காவல் அடர்ந்துவிடுகிறது.

தீவுக்குள் பெருங்கலகம் எதுவும் மூளவில்லை. ஆனால் அத்தீவு அடங்கிய மண்டியா மாவட்டத்தில், 2024 செப்டம்பர் 11 அன்று நாகமங்கலத்தில் விநாயகர் ஊர்வலத்தின்போது மோதல் எழுந்து கடைகளும் வாகனங்களும் எரிந்தன. 2025 செப்டம்பர் 7 அன்று மத்தூரில் அத்தகைய ஊர்வலத்தின் மேல் கல் விழுந்து, மறுபடியும் தடையுத்தரவு வந்தது. மத்தூர் வடைக்காக வண்டியை நிறுத்துவதைப் பயணத்தின் பகுதியாகவே கொண்டிருந்த பெங்களூர்க் குடும்பங்கள், இப்போது அவ்வூரின் பெயரைக் கேட்டதும் முதலில் நிலவரத்தை விசாரிக்கின்றன.

இந்தப் பூசலின் வேர் திப்புவைப் பற்றிய நினைவில் இருக்கிறது. அந்நினைவோ ஒன்றுபட்டதாக இல்லை. மேல்கோட்டையோடு, அதாவது இராமானுசர் தங்கியிருந்த திருநாராயணபுரத்தோடு தொடர்புடையவர்களும் தமிழ் பேசுபவர்களுமான மண்டயம் ஐயங்கார்கள், தம் முன்னோர் பலரைத் திப்பு நரகசதுர்த்தசியன்று கொன்றார் என்ற குலநினைவால், தீபாவளியை இன்றும் கொண்டாடுவதில்லை. அதே திப்பு, தம் அரண்மனைக்கு அருகிலேயே இருந்த அரங்கநாதர் கோயிலில் பூசை நடக்கவிட்டதோடு வெள்ளிப் பாத்திரங்களும் அளித்தார். 1791-இல் மராத்தியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது மடத்துக்கு உதவி, அதன் தலைவருக்கு எழுதிய கடிதங்களை, மைசூர் தொல்லியல் துறையின் இயக்குநராயிருந்த ஆர். நரசிம்மாச்சார் 1916-இல் வெளிக்கொணர்ந்தார். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவை. ஒரு வீட்டில் விளக்கேற்றாத தீபாவளியும் ஒரு கோயிலில் இருக்கும் வெள்ளிக் கிண்ணமும் சேர்ந்ததே அவ்வூரின் வரலாறு என்பதை ஏற்கும் மனம் இருந்தால், பாதிச் சண்டை குறைந்துவிடும்.

நினைவைப் புதிதாகச் செய்து தரவும் முயற்சி நடந்தது. 1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தபோது திப்புவைக் கொன்றவர்கள் உரிகௌடா, நஞ்சேகௌடா என்னும் இரு ஒக்கலிகர்களே என்ற கதை 2023 கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலையொட்டிப் பரப்பப்பட்டு, அவர்கள் பெயரில் மண்டியாவில் தோரண வாயில் எழுந்து, திரைப்படமும் அறிவிக்கப்பட்டது. அப்போது அதே சமூகத்தின் மடமான ஆதிசுஞ்சனகிரியின் நிர்மலானந்தநாத சுவாமிகள், சான்றில்லாத செய்தியை வைத்துப் படமெடுக்க வேண்டாமெனத் தயாரிப்பாளரிடம் சொல்ல, படம் கைவிடப்பட்டது. துறவி ஒருவரின் ஒரு சொல் செய்த காரியம் அது. தடையுத்தரவுகளைவிட இத்தகைய சொல்லிலேயே நம்பிக்கை வைக்கத் தோன்றுகிறது.

சட்டத்தின் காவல் அத்தனை உறுதியாகத் தெரியவில்லை. 1947 ஆகஸ்டு 15 அன்று எந்த வழிபாட்டிடம் எம்மதத்துக்குரியதாக இருந்ததோ அப்படியே தொடர வேண்டும் என்பது 1991-இல் இயற்றப்பட்ட வழிபாட்டுத் தலங்கள் சட்டம். ஆனால் தொல்லியல் சின்னங்களுக்கு அச்சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்து மசூதியோ இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம். இத்தகைய இடங்களைப் பற்றிப் புதிய வழக்குகளைப் பதிவு செய்ய வேண்டாமென உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணையும் இடைக்கால ஆணையே.

தமிழருக்கு அவ்வழியில் இன்னோர் அச்சமும் உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பர் 12 அன்றும் காவிரி நீர்ப்பங்கீட்டுத் தீர்ப்புகளையொட்டிப் பெங்களூருவில் தமிழரின் கடைகளும் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகளும் தாக்கப்பட்டன. மண்டியா உழவர்களின் மறியலால் மைசூர்ச் சாலை அடைபட்ட நாள்களும் பல. காவிரியின் கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீர்மட்டம் முழு அளவான 124.80 அடியைத் தொட்டது என்ற செய்தி வந்தால், இரு மாநிலத்தாரும் ஒரே மூச்சில் நிம்மதி அடைகிறார்கள்.

தை மாதத்தில் ஆதிரங்கம் சேவிக்க வருவதாகத் தாங்கள் எழுதியிருந்ததைக் கைவிட வேண்டாம். பெங்களூருவிலிருந்து மைசூர் செல்லும் ரயில்களில் பல அத்தீவிலேயே நிற்கும். நிலையத்திலிருந்து கோயில் அருகில்தான். இருப்புப்பாதையை இரட்டிக்க இடம் வேண்டியபோது, 2017-இல் திப்புவின் படைக்கலக் கொட்டிலை இடிக்காமல் முழுதாகத் தூக்கி நகர்த்தி வைத்தார்கள்; போகும் வழியில் அதையும் பாருங்கள். அரங்கனைச் சேவித்த பின், அதே தெருக்களின் வழியே மசூதி வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். ஊருக்கு மீளும்போது, அத்தீவில் கண்டதைத் திருவரங்கத்தில் நாலு பேரிடம் சொல்லுங்கள்.