16 சென்டிமீட்டர் தண்ணீர்



மகள் வீட்டுக்கு மிச்சிகன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. "நயாகரா போட்டோ போடுங்க சார்" என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை நான் அதிகம் பார்த்தது ஒரு காரின் பானெட்டுக்கு உள்ளேதான். பதிவு நீளம். கணக்கு பிடிக்காதவர்கள் நடுவில் தாண்டிக்கொள்ளலாம். ஆனால் 90-களில் என்னிடம் பிளஸ் டூ பிசிக்ஸ் பிராக்டிகல் செய்தவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மாப்பிள்ளையிடம் 1989-ஆம் வருடத்து ஃபோர்டு மஸ்டாங் ஒன்று இருக்கிறது. எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர் எஞ்சின், 225 எச்.பி. இதே மிச்சிகனில் டியர்பார்ன் ஆலையில் செய்த வண்டி. ஆபீசுக்குப் போக வேறு கார். இது சனி ஞாயிறு கார். என் மகள் இதற்கு 'சக்களத்தி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

நான் வந்த வாரமே ஒரு பார்சல் வந்தது. உள்ளே பளபளவென்று ஒரு புது த்ராட்டில் பாடி. அது என்ன என்று உறவினர்கள் கேட்பீர்கள். எஞ்சினின் தொண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுமினியக் குழாய், அதன் நடுவில் வட்டமாக ஒரு தகடு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்துத் தகடு திரும்பும், காற்று உள்ளே போகும். நாம் பெட்ரோலை மிதிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்; உண்மையில் திறந்துவிடுவது காற்றை. போகிற காற்றை ஒரு மீட்டர் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதற்குத் தக்க பெட்ரோலைப் பீய்ச்சும். கம்பெனி வைத்த குழாயின் விட்டம் 60 மி.மீ. மாப்பிள்ளை வாங்கியது 70.

"மாமா, இதைப் போட்டா இருபது எச்.பி. கூடும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"விக்கிறவங்கதான்."

நமக்குக் கை சும்மா இருக்குமா? பார்சல் பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். எஞ்சினின் சரியான கொள்ளளவு 4.94 லிட்டர். நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் அவ்வளவு காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 5000 சுற்றில், 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், வினாடிக்கு 175 லிட்டர். 60 மி.மீ. துளையின் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் காற்றின் வேகம் வினாடிக்கு 62 மீட்டர், அதாவது மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்துக்காக இழக்கும் அழுத்தம் 23 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். 70 மி.மீ. துளையில் அதுவே 13. மிச்சம் 10 சென்டிமீட்டர். வளிமண்டல அழுத்தமோ சுமார் 1030 சென்டிமீட்டர் தண்ணீர். ஆக லாபம் நூற்றுக்கு ஒன்று. 225-க்கு இரண்டு எச்.பி.

"ரெண்டா?" என்று கேட்டுவிட்டு அவர் பெட்டியை மூடி வைத்துவிட்டார். சமையலறையிலிருந்து மகள், "அப்பா, அவர் ஆசையா வாங்கியிருக்கார், விடுங்களேன்" என்றாள். எனக்கே சங்கடமாகிவிட்டது. "வாய்க்கணக்கு வேண்டாம் மாப்பிள்ளை, அளந்தே பார்த்துடலாம்" என்றேன்.

நம் லேபில் இருந்த யு-குழாய் மானோமீட்டர் ஞாபகம் இருக்கிறதா? மீன்தொட்டிக் கடையில் பிளாஸ்டிக் டியூப் வாங்கி, ஒரு பிளைவுட் பலகையில் யு வடிவில் கட்டி, நடுவில் ஸ்கேலை ஒட்டி, கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை ஊற்றினேன். ஒரு முனை தகட்டுக்கு முன்னால், இன்னொரு முனை தகட்டுக்குப் பின்னால். டியூப் பானெட் ஓரமாக வந்து ஜன்னல் வழியாக என் மடிக்கு.

இதில் ஒரு ஆபத்து உண்டு. தகடு முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் வித்தியாசம் சில சென்டிமீட்டர். காலை எடுத்துத் தகடு மூடியதும் பின்பக்கம் கிட்டத்தட்ட வெற்றிடம். ஆறு மீட்டர் தண்ணீரைக்கூட உறிஞ்சிவிடும். அதனால் டியூபில் ஒரு கிளிப். முழுவதும் மிதித்த பிறகு நான் திறக்க வேண்டும், அவர் காலை எடுக்கும் முன்னால் மூட வேண்டும். நின்ற இடத்தில் உறுமவிட்டால் பயனில்லை, எஞ்சினுக்குச் சுமை வேண்டும். அதனால் ஞாயிறு காலை காலியாக இருந்த நெடுஞ்சாலை ஏற்றத்தில், இரண்டாவது கியரில்.

முதல் ஓட்டத்தில் கிளிப்பை மூட மறந்தேன். கேசரித் தண்ணீர் மொத்தமும் ஒரே மடக்கில் எஞ்சினுக்குள் போய்விட்டது. இரண்டு ஸ்பூன் அளவுதான். வண்டி இருமிவிட்டு ஓடியது. மாப்பிள்ளை முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை வேறு தப்பு. யு-வின் இரு கைகளும் முன்னும் பின்னுமாக இருந்ததால், வண்டி பாய்கிற வேகமே தண்ணீரைச் சாய்த்தது. பலகையைத் திருப்பிக் கைகள் இடமும் வலமுமாக வரும்படி வைத்த பிறகுதான் உருப்படியான அளவு கிடைத்தது.

16.

மறுபடி ஓட்டச் சொன்னேன். 16. மூன்றாவதும் 16. என் கணக்கோ 23. உடனே என் வாயில் வந்தது: "டியூப் எங்கேயோ லீக் ஆகுது. இந்த ரீடிங்கை விட்டுடலாம்."

சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது.

ஸ்பெக்ட்ரோமீட்டர் பிராக்டிகல். முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் 1.5 பக்கத்தில் வரவேண்டும் என்று வகுப்புக்கே தெரியும். விடையை முதலில் எழுதிவிட்டுக் கோணத்தைப் பின்னாலிருந்து போட்டவர்கள் உண்டு. தெரிந்தும் நான் கண்டுகொண்டதில்லை. ஒரு மாணவி 1.62 கொண்டுவந்தாள். மறுபடி எடு என்றேன். 1.62. மூன்றாம் முறையும் அதுவே. ரிக்கார்டில் சிவப்பு மையால் அடித்து, "பக்கத்துல பாத்தாவது எழுதக் கூடாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். மறுநாள் 1.52 என்று எழுதி வந்தாள். டிக் போட்டேன்.

ஓய்வு பெறும்போது லேப் சாமான்களை ஒப்படைக்க ஸ்டாக் ரிஜிஸ்டரைச் சரிபார்த்தேன். கிரவுன் கண்ணாடி முப்பட்டகம் பதினொன்று, ஃபிளின்ட் கண்ணாடி ஒன்று. ஃபிளின்ட்டுக்கு 1.62. பன்னிரண்டில் அந்த ஒன்று அன்று அவள் மேஜையில் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று காரை ஓரமாக நிறுத்தி, பலகையை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் சொன்னேன். அம்மா, நீ இந்தப் பதிவைப் பார்க்கிறாயோ என்னவோ. உன் மூன்று அளவும் சரி. தப்பாகத் திருத்தியவன் நான்தான்.

லீக் எதுவும் இல்லை. தப்பு என் கணக்கில்தான். குறுகலில் வேகமெடுத்த காற்று, தாண்டியதும் வேகம் குறைந்து அழுத்தத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெறும். நான் அத்தனையும் நஷ்டம் என்று போட்டிருந்தேன். பெர்னூலியை முப்பது வருடம் நடத்தியவன்!

அடுத்த சனிக்கிழமை மாற்றினோம். நான்கு நட்டு, ஒரு கேபிள், இரண்டு ஒயர் கனெக்டர், ஒரு கேஸ்கெட். பழையதன் உட்புறம் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. பின்னால் வரும் ஸ்பேசரும் அதே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய துளை சின்னத் துளையில் போய் முட்டும். அதை மாப்பிள்ளை ஜோடியாகவே வாங்கியிருந்தார். ஸ்டார்ட் செய்ததும் ஐடில் ஏறி இறங்கி ஊஞ்சலாடியது. தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரை, மூடிய நிலையில் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வைத்து, ஐடில் திருகைச் சரிசெய்யவே அரை நாள் போனது.

பிறகு பலகையோடு மறுபடி ஏற்றம். 9 சென்டிமீட்டர். விட்டங்களின் விகிதத்தை நான்காம் படிக்கு உயர்த்தி 16-ஆல் பெருக்கினால் 8.6. பிசிக்ஸ் கைவிடவில்லை. லாபம் 7 சென்டிமீட்டர், எச்.பி. கணக்கில் ஒன்றரை.

ஆனால் மகள் கடைக்கு ஓட்டிப்போய் வந்து, "என்னப்பா, தொட்டாலே பாயுது!" என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. பெரிய தகடு அதே மிதிக்கு அதிகமாகத் திறக்கிறது. பாதி மிதியில் கிடைத்தது இப்போது அதைவிடக் குறைந்த மிதியிலேயே கிடைக்கிறது. முழு மிதியில்தான் பெரிய வித்தியாசம் இல்லை. மாப்பிள்ளைக்கு இது போதும் போலிருக்கிறது, முகம் தெளிந்துவிட்டது.

சும்மா இராமல் டியூபை முன்னால் மாற்றி, ஏர் ஃபில்டருக்கும் காற்று மீட்டருக்கும் சேர்த்து அளந்தேன். 38 சென்டிமீட்டர்! அந்த மீட்டரின் துளை வெறும் 55 மி.மீ. டேங்கிலிருந்து வரும் பைப் அடைத்திருக்க, நாங்கள் குழாயடியில் டேப்பை மாற்றியிருக்கிறோம். ஆனால் மீட்டரை மாற்றுவது ஸ்பானர் வேலை மட்டுமில்லை. கம்ப்யூட்டர் அதை நம்பித்தான் பெட்ரோல் அளக்கிறது, இன்ஜெக்டருக்குப் பொருந்தாத மீட்டர் வைத்தால் கலவையே கெடும். சொன்னேன். கேட்டுக்கொண்டார். நேற்று இரவு போனில் மீட்டர் விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பலகை கராஜில் ஆணியில் தொங்குகிறது. மகளிடம் கேசரிப் பவுடர் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.